டாக்டர் எழுதித் தராத முகவரிகள்

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குள் நுழைகிறவர்களில் பெரும்பாலோர் நேராக லிஃப்ட் பக்கம் போய்விடுகிறார்கள். மேலே எட்டு மாடி இருக்கிறது. பார்வையற்றவர்களுக்கான பிரெய்ல் பிரிவுக்கு மாடி ஏற வேண்டியதில்லை, தரைத்தளத்திலேயே இருக்கிறது. சித்தப்பாவோடு நான் போய் நின்றது அங்கேதான்.

வாசலில் எங்களை எதிர்கொண்ட இளைஞருக்குக் கொஞ்சம் பார்வை உண்டு. வெளிச்சமும் ஆள் அசைவும் தெரியும் என்றார். "சார், என் முழங்கைக்கு மேல பிடிச்சுக்கங்க. நான் அரை அடி முன்னால நடக்கிறேன். நான் திரும்பினா உங்க கைக்குத் தெரியும், படி ஏறினாலும் தெரியும்" என்று சித்தப்பாவிடம் சொன்னார். வீட்டில் அதுவரை எல்லோரும் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத்தான் கூட்டிப்போவோம். பார்வையற்றவர் பிடிக்கும் பக்கம் இருக்க வேண்டும், பிடிபடும் பக்கம் இருக்கக் கூடாது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாத இந்தச் சங்கதியை அந்த அறைக்குள் போவதற்கு முன்பே சித்தப்பா கற்றுக்கொண்டார்.

உள்ளே அலமாரிகளில் பிரெய்ல் புத்தகங்கள். அச்சில் கையடக்கமாக இருக்கும் ஒரு நாவல் பிரெய்லில் பல தொகுதிகளாகத் தடித்துவிடும், அதனால் அவற்றுக்கு நிறைய இடம் வேண்டும். இன்னொரு பக்கம் கணினிகள். சிலர் மானிட்டரை அணைத்துவைத்தே வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். காதில் இயர்போன், விசைப்பலகை மீது விரல்கள், அவ்வளவுதான்.

ஒரு மாணவி தன் இயர்போன் ஒன்றைக் கழற்றி சித்தப்பாவிடம் கொடுத்தார். அவர் முகம் சுளித்துவிட்டு என்னிடம் நீட்டினார். எனக்கும் ஓர் எழுத்துகூடப் புரியவில்லை, வெறும் கரகரப்பு. அது தமிழ்தான், மாணவி கேட்டுக்கொண்டிருந்தது பொருளாதாரப் பாடம். பழகிய காதுக்கு அந்த வேகம்தான் தேவைப்படுகிறது. மாணவி வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சொற்கள் பிரிந்து, வாக்கியம் தெளிந்தது. இயந்திரக் குரல்தான், இனிமை கிடையாது. "நல்ல குரல்லாம் இருக்கு சார். ஆனா வேகமா வெச்சா அது குழறும், இது குழறாது" என்றார்.

அவர் பயன்படுத்தியது என்விடிஏ என்ற திரைவாசிப்பான். திரையில் இருக்கும் எழுத்தையெல்லாம் குரலாகப் படித்துச் சொல்லும் மென்பொருள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006-இல் இதை எழுதத் தொடங்கினார், பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள். அதற்கு முன்பே ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்கள் இருந்தன. ஆனால் அவற்றின் விலை கணினியின் விலையையே தாண்டும். என்விடிஏ இலவசம். யாரும் தரவிறக்கிக்கொள்ளலாம், தமிழிலும் பேசும்.

"மவுஸே வேணாமா?" என்று சித்தப்பா கேட்டார். மாணவி செய்து காட்டினார். இணையப் பக்கத்தில் 'எச்' விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். 'கே' அழுத்தினால் அடுத்த இணைப்பு. இன்செர்ட்டும் 'டி'யும் சேர்த்து அழுத்தினால் நாம் எந்த ஜன்னலில் இருக்கிறோம் என்று சொல்லும். செய்தித்தாள் பக்கம் ஒன்றைத் திறந்து, தலைப்பு தலைப்பாகத் தாவி, வேண்டியதில் நின்று படிக்க வைத்தார். கண்ணால் மேய்கிற நமக்கும் அவருக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பிறகு எக்செல். சித்தப்பா திண்டிவனத்தில் ஓர் அரிசி மண்டியில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவர். கடைசிப் பத்து வருஷம் கணினியில். மாணவி அம்பு விசையை அழுத்த அழுத்த, கட்டத்தில் உள்ள தொகையையும் கட்டத்தின் எண்ணையும் குரல் சொல்லிக்கொண்டே வந்தது. சித்தப்பா விசைப்பலகையைத் தடவினார். எஃப், ஜே விசைகளில் இருக்கும் சிறு மேட்டை விரல் கண்டுபிடித்தது. ஆல்ட்டையும் சமக்குறியையும் சேர்த்து அழுத்தினார். கூட்டல் வந்தது. ஒன்றரை வருஷமாக ரேடியோவுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தவர், "இதை வெச்சு பேரேடு போடலாம்டா தம்பி" என்றார்.

அந்த ஒன்றரை வருஷத்தைப் பற்றித்தான் நான் எழுத வந்திருக்கிறேன்.

சித்தப்பாவுக்கு கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு நைந்துபோகும் நோய். ஓரப் பார்வைதான் முதலில் போகும், நடுப்பார்வை கடைசி வரை தாக்குப்பிடிக்கும் என்பதால் பலருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. அவருக்கும் அப்படித்தான். மருத்துவமனையில் நல்ல சிகிச்சையே கிடைத்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அறுவை சிகிச்சை செய்தார்கள், சொட்டு மருந்து கொடுத்தார்கள். "போன பார்வை திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தணும், மருந்தை விட்டுடாதீங்க" என்றார் டாக்டர். அது சத்தியமான வார்த்தை. ஆனால் பேச்சு அதோடு முடிந்துவிட்டது. இனி எப்படிப் படிப்பது, எப்படி நடப்பது, எங்கே போய்க் கேட்பது என்று அந்தக் கட்டடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. கேட்கலாம் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. பார்வை போனால் அவ்வளவுதான் என்று வீடே நம்பியது. அவருடைய போன் பேரனின் விளையாட்டுச் சாமானாகிவிட்டது.

வழி சொன்னவர் ஒரு ரயில் வியாபாரி. தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் பேனாவும் கார்டு கவரும் விற்கும் பார்வையற்றவர். நான் பணம் அனுப்பியதும் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, விரலால் இரண்டு முறை தள்ளி, காதருகே வைத்துக் கேட்டு, "வந்திடுச்சு சார்" என்றார். எப்படி என்று கேட்டேன். மாம்பலத்துக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையில் அவர் எனக்குப் பாடம் நடத்திவிட்டார். "உங்க சித்தப்பாவை மொதல்ல கோட்டூர்புரம் லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க எங்க பசங்க இருப்பாங்க. மத்ததை அவங்களே சொல்லுவாங்க."

பார்வையற்றவர்களைச் சந்திக்கச் சந்திக்க இது எனக்கு உறுதியாகிக்கொண்டே வந்தது. ஒருவர் எப்படி இந்தக் கருவிகளுக்கு வந்து சேர்ந்தார் என்று கேட்டால், பதில் இன்னொரு பார்வையற்றவராகத்தான் இருக்கிறது. பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்த உறவு சிறுவயதிலேயே வாய்த்துவிடுகிறது. ஐம்பது வயதுக்கு மேல் சர்க்கரை நோயாலோ கிளாக்கோமாவாலோ பார்வை இழக்கிறவருக்கு அப்படி யாரையும் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஒரே இடம் கண் மருத்துவமனை.

நூலகத்துக்கே திரும்புகிறேன். போன் பாடத்தை அந்த இளைஞர் எடுத்தார். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் ஏற்கெனவே உள்ளேயே இருக்கும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலான போன்களில் ஒலியைக் கூட்டும், குறைக்கும் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து மூன்று நொடி அழுத்தினால் அது விழித்துக்கொள்ளும். முதல் தடவை மட்டும் அனுமதி கேட்கும். ஐபோனில் இதே வேலையைச் செய்வது வாய்ஸ்ஓவர். 2009-இலிருந்தே உண்டு, தமிழ்க் குரல் 2022-இல்தான் வந்தது.

டாக்பேக் போட்டதும் போனின் இலக்கணமே மாறிவிடுகிறது. ஒருமுறை தொட்டால் அது என்னவென்று சொல்லும், திறக்காது. இருமுறை தட்டினால்தான் திறக்கும். வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது. திரையை உருட்ட இரண்டு விரல் வேண்டும். சித்தப்பாவின் விரல் பழைய வழக்கப்படி அழுந்தத் தொட்டு நின்றது. "தடவாதீங்க சார், சுண்டுங்க" என்று இளைஞர் அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துச் சுண்டிக் காட்டினார். சித்தி பெயரைத் தேடிப் பிடித்து, இருமுறை தட்டி, அவரே போன் போட்டார். எதிர்முனையில் சித்தி "யாருங்க டயல் பண்ணிக் கொடுத்தா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

இயர்போனை ஒரு காதில் மட்டும் போடச் சொன்னார். இன்னொரு காது ரோட்டுக்கு. வங்கிச் செயலிகளில் வரும் தொல்லையையும் முன்கூட்டியே சொல்லிவைத்தார். செயலியை எழுதியவர் பொத்தானுக்குப் பெயர் வைக்காமல் விட்டிருந்தால், விரல் போகும் இடமெல்லாம் "பட்டன், பட்டன்" என்று மட்டுமே கேட்கும். எது 'அனுப்பு', எது 'ரத்து' என்று தெரியாது. மென்பொருள் எழுதுகிறவர் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும் குறை இது.

மண்டியில் வேலை செய்தவருக்கு ரூபாய் நோட்டு முக்கியம். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1-ஆம் தேதி மணி என்ற செயலியை வெளியிட்டது. கேமராவை நோட்டுக்கு நேரே பிடித்தால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். நிறுவிவிட்டால் இணையம்கூட வேண்டாம். நோட்டிலேயே அடையாளங்களும் உண்டு. நூறில் முக்கோணம், இருநூறில் 'எச்' வடிவம், ஐந்நூறில் வட்டம் மேடாக அச்சாகியிருக்கும். விளிம்பில் நூறுக்கு நான்கு சாய்கோடுகள், ஐந்நூறுக்கு ஐந்து. இருநூறுக்கும் நான்குதான், ஆனால் நடுவே இரண்டு சிறு வட்டங்கள் இருக்கும். புது நோட்டில் சித்தப்பாவின் விரல் ஐந்நூறைச் சரியாகப் பிடித்துவிட்டது. மண்டியில் புழங்கிக் கசங்கி வரும் நோட்டில் மேடு தேய்ந்துபோயிருக்கும், அங்கே செயலிதான் கைகொடுக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் நன்றாகப் போனது. மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு, அது தமிழ் படிக்கும்போது வரும் இடம். அறையில் இருந்தவர்கள் அதைக் காட்டியபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

ஓர் அரசு இணையதளத்திலிருந்து விண்ணப்பப் படிவம் ஒன்றை மாணவி திறந்தார். என் கண்ணுக்கு அழகான தமிழ் தெரிந்தது. திரைவாசிப்பானோ ஆங்கில எழுத்துகளையும் குறியீடுகளையும் தாறுமாறாக உளறியது. காரணம் எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்திருப்பார்கள். கண் படத்தைப் பார்க்கிறது, மென்பொருள் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்தைப் படிக்கிறது. யூனிகோடில் அடித்திருந்தால் தமிழ் தமிழாகவே இருக்கும், குரலும் சரியாக வரும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தன் தரமாக அறிவித்துவிட்டது. இருந்தும் பழைய எழுத்துருவில் அடிக்கும் வழக்கம் அலுவலகங்களிலும் டி.டி.பி. கடைகளிலும் இன்னும் ஓயவில்லை.

அடுத்து அவர் திறந்தது ஒரு சுற்றறிக்கை. அது இன்னும் மோசம். காகிதத்தில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தார்கள். திரைவாசிப்பானைப் பொறுத்தவரை அது வெறும் படம். ஒரு சொல்கூட வரவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகை பற்றிய அறிக்கையே இப்படி இருந்தால் அவர்கள் எப்படிப் படிப்பார்கள்? படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருள்கள் தமிழுக்கும் வந்துவிட்டன. கூகுள் லென்ஸே ஓரளவு செய்கிறது. நல்ல அச்சு என்றால் பெரும்பகுதி தேறிவிடும், முத்திரை விழுந்து மங்கிய பக்கம் என்றால் எண்கள் தப்பாகும். கடைசித் தேதியும் தொகையும் எண்கள்தானே!

அலுவலகங்களில் தட்டச்சு செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யூனிகோடில் அடியுங்கள். கையெழுத்திட்ட பிரதியை ஏற்றும்போது, கணினியில் அடித்த மூலக் கோப்பையும் பக்கத்தில் ஏற்றுங்கள். இதற்குத் தனி நிதியும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம்.

யூனிகோடில் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் சங்க இலக்கியம் முதல் பாரதி வரை எழுத்துக் கோப்புகளாக இருக்கின்றன. அவற்றைத் திரைவாசிப்பான் தங்கு தடையில்லாமல் படிக்கிறது. இன்றைய புத்தகங்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அச்சைப் படிக்க இயலாதவர்களுக்காக ஒரு புத்தகத்தை மாற்று வடிவில் தயாரிக்கப் பதிப்பாளரிடம் அனுமதி வாங்கத் தேவையில்லை என்று சேர்த்தார்கள். 2013-இல் மராகேஷில் உருவான சர்வதேச ஒப்பந்தத்தை 2014-இல் முதலாவதாக ஏற்று உறுதி செய்த நாடும் இந்தியாதான். அந்தச் சட்டத்தின் பலத்தில் 2016 ஆகஸ்டில் தொடங்கிய இணைய நூலகம் சுகம்ய புஸ்தகாலயா. மாற்றுத்திறனாளிச் சான்றிதழைக் காட்டி உறுப்பினராகலாம். தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் மிகக் குறைவு. பதிப்பாளர்கள் தங்களிடம் இருக்கும் கோப்பைக் கொடுத்து உதவினால் இந்தக் குறை சீக்கிரமே குறையும்.

அடுத்து நாங்கள் போனது காமராஜர் சாலை. லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் ஆணையரகம் இருக்கிறது. அதே வளாகத்தில் 2022-இல் திறந்த மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ் இருக்கிறது. அரசுக்காக வித்யாசாகர் அமைப்பு நடத்துகிறது. பெயர்தான் அருங்காட்சியகம், கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைத்து வேடிக்கை காட்டும் இடமில்லை. எல்லா வகை மாற்றுத்திறனாளிகளுக்கும் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்பதைத் தொட்டும் இயக்கியும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வாங்குவதற்கு முன் தொட்டுப் பார்ப்பது பார்வையற்றவருக்கு எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இணையத்தில் படத்தைப் பார்த்து ஆர்டர் செய்யும் வசதி அவருக்குக் கிடையாது. தொட்டால் மணி சொல்லும் கடிகாரம், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலுக்குக் காட்டும் சட்டம், டம்ளர் நிரம்பப் போகும்போது பீப் ஒலி எழுப்பும் சிறு கருவி என்று வீட்டுக்கான எளிய சாமான்கள் எத்தனையோ வந்துவிட்டன. கொதிக்கிற காபியை ஊற்றும்போது விரலை உள்ளே விட்டு அளவு பார்த்துச் சுட்டுக்கொண்டவர்களுக்கு அந்தக் கடைசிக் கருவியின் அருமை தெரியும்.

நடைப் பயிற்சி பற்றி விசாரித்தபோது எல்லோரும் சொன்ன பெயர் பூந்தமல்லி. அங்கே டிரங்க் ரோட்டில், டேராடூனில் உள்ள தேசியப் பார்வைக் குறையுடையோர் நிறுவனத்தின் சென்னை வட்டார மையம் இருக்கிறது. பார்வையற்றோர் அரசுப் பள்ளியும் பூந்தமல்லியில்தான். வெள்ளைக் கைத்தடியை வாங்கிக் கையில் கொடுத்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கைத்தடிக்கே ஓர் அளவு இருக்கிறது. நிமிர்ந்து நின்றால் நெஞ்செலும்பு வரைக்குமாவது வர வேண்டும். நீச்சல் போல அதற்கும் பயிற்சி தேவை. இடது கால் முன்னே போகும்போது தடி வலப்பக்கம் தட்ட வேண்டும், வலது கால் போகும்போது இடப்பக்கம். அடுத்த அடி விழப்போகும் இடத்தைத் தடி முன்கூட்டியே தொட்டுவிடும். சித்தப்பாவின் காலும் தடியும் ஒரே பக்கம் போய் முட்டிக்கொண்டே இருந்தன. பயிற்றுநர் சலிக்காமல் "கால் இடது, தடி வலது" என்று சொல்லிக்கொண்டே கூட நடந்தார். தாழ்வாரத்தின் கடைசியை நெருங்கும்போது தட்டும் ஓசை மாறுவதைச் சித்தப்பாவே கண்டுபிடித்துச் சொன்னார். சுவர் நெருங்கினால் ஓசை இறுகும். இதையெல்லாம் யூடியூபில் பார்த்துக் கற்க முடியாது, பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

தடி தரையைத்தான் சொல்லும். நிறுத்தி வைத்த லாரியின் பின்புறமும் தாழ்ந்த மரக்கிளையும் நெற்றியில்தான் வந்து இடிக்கும். அதற்காக டெல்லி ஐஐடி உருவாக்கியது ஸ்மார்ட்கேன். சென்னையில் உள்ள ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரிக்கிறது. தடியின் பிடியில் மாட்டும் இந்தக் கருவி கேளா ஒலியை அனுப்பி, முழங்காலுக்கு மேலே இருக்கும் தடையை மூன்று மீட்டர் தூரம் வரை உணர்ந்து, கையில் அதிர்வாகச் சொல்கிறது.

பிரெய்ல் கற்க வேண்டுமா என்று சித்தப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். ஐம்பது கடந்த விரல் நுனிக்கு, அதுவும் சர்க்கரை இருந்தால், சரளமாகப் படிக்கும் அளவுக்கு வருவது சிரமம். ஆனால் எழுத்துகளையும் எண்களையும் மட்டும் கற்றாலே மருந்துப் புட்டியிலும் கோப்பு உறையிலும் சீட்டு ஒட்டிக்கொள்ளலாம். குழந்தைகளின் கதை வேறு. பார்வையற்ற குழந்தைக்குப் பிரெய்ல் கட்டாயம் வேண்டும் என்பதே என் எண்ணம். காதால் மட்டும் படித்து வளர்கிற குழந்தைக்கு ணகரமும் நகரமும் எங்கே வரும் என்று எப்படித் தெரியும்? உலகம் முழுக்கப் புகழ்பெற்ற பெர்க்கின்ஸ் பிரெய்ல் எழுதுபொறியை நம் காட்பாடியில் வொர்த் டிரஸ்ட் பட்டறையில் செய்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

விலையுயர்ந்த கருவிகள் பற்றி ஒரு வார்த்தை. கேமரா பொருத்திய கண்ணாடிகள் இருக்கின்றன, எதிரில் இருப்பதைக் காதில் சொல்லும். புள்ளிகள் ஏறி இறங்கும் மின்னணு பிரெய்ல் பலகைகள் இருக்கின்றன. நல்லவைதான். ஆனால் புதிதாகப் பார்வை இழந்தவரின் குடும்பம் கடன் வாங்கி முதலில் அதைத்தான் வாங்கப் போகிறது, பிறகு அது பீரோவில் தூங்கும். இதைப் பலர் என்னிடம் சொன்னார்கள். கையில் இருக்கும் போன், இலவச மென்பொருள், ஒரு கைத்தடி, சொல்லிக்கொடுக்க ஓர் ஆள். இந்த நான்கும் கைவந்த பிறகு மற்றதை யோசிக்கலாம். பணத்தைக் கருவியில் போடுவதற்கு முன் நேரத்தைப் பயிற்சியில் போட வேண்டும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

எதற்கும் முதலில் சான்றிதழ் வேண்டும். இதையும் யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, நல்ல கண்ணில் கண்ணாடி போட்ட பிறகும் பார்வை 3/60-க்குக் கீழே இருந்தால் அது பார்வையின்மை. அதோடு நிற்கவில்லை. பார்வைப் புலம் 10 பாகைக்குக் கீழே சுருங்கினாலும் பார்வையின்மைதான். கிளாக்கோமாக்காரர்களுக்கு இந்த இரண்டாவது விதி மிக முக்கியம். நடுவில் கொஞ்சம் எழுத்து தெரிகிறது என்பதற்காக "உங்களுக்குப் பார்வை இருக்கே" என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள், பார்வைப் புலப் பரிசோதனை அறிக்கையைக் கையோடு கொண்டு போங்கள். அரசு மருத்துவமனையில் சான்று பெற்று, யுடிஐடி எனும் தேசிய அடையாள அட்டை வாங்கிவிட்டால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மடக்குக் கைத்தடி, பிரெய்ல் கடிகாரம், பேசும் செயலியோடு கூடிய கைபேசி போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கலாம்.

வங்கியில் ஒரு சிக்கல் வந்தது. வாடிக்கையாளர் விவரத்தை இணையத்தில் புதுப்பிக்கும்போது கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொன்னது. சித்தப்பாவுக்குக் கேமரா எங்கே இருக்கிறது என்றே தெரியாது. 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதைப் பற்றியே தீர்ப்பளித்திருக்கிறது. அமில வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தனித்தனியே தொடுத்த வழக்குகளில் வந்த தீர்ப்பு அது. மின்னணுச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொன்னது, கண் சிமிட்டாமல் வேறு வழியில் சரிபார்க்கும் வசதி வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கிளைக்குப் போய் அந்தத் தீர்ப்பைப் பணிவாக எடுத்துச் சொன்னோம். மேலாளர் நேரில் வைத்தே வேலையை முடித்துக்கொடுத்தார். தீர்ப்பின் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், உதவும்.

தென் மாவட்டத்துக்காரர்கள் இதற்கெல்லாம் சென்னை வர வேண்டியதில்லை. மதுரைக்குப் பக்கத்தில் சுந்தரராஜன்பட்டியில், பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. 2023-இல் திறந்த மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவு தரைத்தளத்தில் உண்டு. பார்வை கொஞ்சமாவது மிச்சம் இருப்பவர்கள் அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் குறைபார்வைப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். உருப்பெருக்கியும் சரியான வெளிச்சமும் சேர்ந்தால் படிப்பு இன்னும் சில காலம் கண்ணாலேயே நடக்கும்.

சித்தப்பா இப்போது மண்டிக்கு மறுபடியும் கணக்கு எழுதுகிறார், அரை நாள் வேலை. கையால் எழுதிய சிட்டையை எந்த மென்பொருளும் அவருக்குச் சரியாகப் படித்துக் காட்டவில்லை. அதனால் முதலாளியின் மகன் சாயங்காலம் போனில் வரிசையாகச் சொல்லச் சொல்ல இவர் எக்செல்லில் ஏற்றிவிடுகிறார். சம்பளம் முன்பைவிடக் குறைவுதான்.

கண் டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். "இனி மருந்தால் ஆகாது" என்று ஒருவரிடம் சொல்ல நேரும் அன்றைக்கே, அதே சீட்டின் பின்பக்கம் நான்கு வரி எழுதிக் கொடுங்கள். சான்றிதழுக்கு எந்த மருத்துவமனை, நலத்துறை அலுவலகம் எங்கே, பயிற்சிக்கு எந்த மையம், பக்கத்து நூலகத்தில் பிரெய்ல் பிரிவு உண்டா. இதை அச்சடித்து மேசையில் வைத்திருந்தால் எழுதக்கூட வேண்டாம். பார்வை குறைந்து வீட்டோடு முடங்கிவிட்ட ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், வாசகர்களாகிய நீங்களும் டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த முகவரிகளைப் படித்துக் காட்டுங்கள், முதல் தடவை கூடவே போய்விட்டு வாருங்கள்.